ஈரம் படாமல் இரண்டு மணி நேரம்

காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுகிறேன். அலாரம் வைப்பதில்லை. பல் துலக்கிவிட்டுப் போய்ப் பால் வாங்கி வருகிறேன். பிறகு இரண்டு வாளிகளில் தண்ணீர் பிடிக்கிறேன். ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்புத் தண்ணீரில் நனைத்து, பைக்கின் பெட்ரோல் டேங்கை முன்னிருந்து பின்னாக ஒரே திசையில் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிய பிறகுதான் மறுபடி ஷாம்பில் தோய்க்கலாம். ஒரே ஒரு மண்துகள் ஒட்டியிருந்தாலும் பெயிண்டில் கோடு விழும். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். ஏழு மணிக்கு இரண்டு தோசை ஊற்றிச் சாப்பிடுகிறேன். ஏழே முக்காலுக்குக் களம்பூருக்குக் கிளம்பிவிடுகிறேன்.

களம்பூரில் ஓர் அரிசி ஆலையில் வேலை. லாரியில் வந்து இறங்கும் நெல்லில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். பி.எஸ்சி. வேதியியல் படித்தவனுக்கு இது சிறிய வேலைதான். ஆனால் ஈரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

கோட்டாட்சியர் அம்மா, இதை உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. திருமணமாகி ஏழு ஆண்டு நிறையாத பெண் இறந்தால் நீங்கள் விசாரிக்க வேண்டும் என்பதால் டிசம்பரில் என்னை அழைத்தீர்கள். உட்காரச் சொன்னீர்கள். தண்ணீர் கொடுத்தீர்கள். உங்கள் அறிக்கையின் நகல் சென்ற வாரம் கைக்கு வந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. மழைக்காலத்தில் தறியின் பாவு நூலை உலர்த்துவதற்காக என் மனைவி மதிவதனி தானே கரி அடுப்பு மூட்டி, ஜன்னலையும் தானே மூடிக்கொண்டாள், அவளுடைய கவனக்குறைவால் நேர்ந்த விபத்து இது என்று எழுதியிருக்கிறீர்கள்.

அது பிழை. அந்த ஒரு வரியைத் திருத்துவதற்காகத்தான் எழுதுகிறேன்.

அது பிழை என்று ஏற்கெனவே ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் மாமனார் சிவப்பிரகாசம். உங்களிடமும் சொல்லியிருப்பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறார். நான் வண்டி துடைப்பதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். காபி கொடுத்தால் குடிப்பதில்லை.

“என் பொண்ணு ஜன்னல சாத்தமாட்டா மாப்ள.”

“சாத்தியிருந்துச்சே மாமா.”

“நடக்கத் தெரிஞ்ச நாள்லேந்து தறி வூட்டுல வளந்தவ. கரி வெச்சா பாவு பக்கத்து ஜன்னல் தொறந்திருக்கணும்னு அவளுக்கு நானா சொல்லித்தரணும்? அவதான் மத்தவங்களுக்குச் சொல்லுவா. அடுப்பு நான் குடுத்ததுதான், இல்லன்னு சொல்லல. ஜன்னல யாரு சாத்துனது?”

அவர் இதை என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. வண்டியைப் பார்த்துக் கேட்டார்.

தெருவில் யாரும் அவரை நம்புவதில்லை. எதிர்வீட்டு அபிதகுசாம்பாள் போன ஞாயிறு, அவர் காதில் விழும்படியே சொன்னார்: “கிழத்துக்கு மூள கலங்கிடுச்சி. அடுப்பக் குடுத்தது அது. இப்ப யார் மேலயாவது போடணும்னு அலஞ்சிகினு கீது.” சிவப்பிரகாசம் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொல்வது சரி. ஜன்னலைச் சாத்தியது நான். டேப் ஒட்டியதும் நான்.

வண்டி செப்டம்பரில் வந்தது. கருப்பு. பெயிண்டிலேயே கருப்பைக் காப்பாற்றுவதுதான் கடினம். வெள்ளையில் தெரியாத கீறல் எல்லாம் கருப்பில் தெரியும். மதி கேட்டாள் என்பதற்காகப் படவேட்டுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டோம். பூசாரி குங்குமத்தைக் குழைத்து டேங்கில் வைக்க வந்தார். நான் டேங்கின் மேல் ஒரு காகிதத்தைப் பிடித்து, அதில் வைக்கச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். மதி சிரிக்கவில்லை.

“சாமிக்கும் வண்டிக்கும் நடுவுல பேப்பரா?” என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவள் சந்தனம் குழைத்து டேங்கில் நேராகவே மூன்று பொட்டு வைத்துவிட்டாள். வைத்த பிறகு பயம் வந்திருக்க வேண்டும். முந்தானையால் துடைத்திருக்கிறாள். வீட்டில் கட்டும் பருத்திப் புடவையாக இருந்தால் பாதகமில்லை. அன்று வெள்ளிக்கிழமை என்பதால் பட்டு. முந்தானையில் சரிகை. சரிகை எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் உலோகம்தான். நெய்கிறவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தேன். நான்கு அங்குல நீளத்தில் ஏழு கீறல்கள்.

“டார்ச் அடிச்சாதான தெரியுது? அடிக்காம வுடுங்க, தெரியாது,” என்றாள்.

நான் கை நீட்டியதில்லை. அதை உங்களிடம் அன்றே சொன்னேன், அது உண்மை. பதினொரு நாள் அவளிடம் பேசவில்லை, அவ்வளவுதான். நான்காம் நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: “வண்டிகிட்டயாவது பேசறீங்களா, இல்ல அதுக்கும் டூவா?” ஆறாம் நாளிலிருந்து கேட்பதை விட்டுவிட்டாள். பாலிஷ் போட்டு அந்த ஏழு கீறல்களை எடுக்க எனக்கு இரண்டு ஞாயிறு ஆயிற்று.

பதினொன்றாம் நாள் ஒரு சாக்பீஸ் வாங்கிவந்தேன். எங்கள் வீட்டில் வண்டி நிற்க இடம் தறி இருக்கும் அறை மட்டும்தான். தெருப்பக்கம் அகலமான கதவு, வீட்டுக்குள் போக ஒரு சின்னக் கதவு. தெருக்கதவை ஒட்டி வண்டியை நிறுத்தி, அதைச் சுற்றித் தரையில் ஒரு கோடு போட்டேன். இந்தக் கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொன்னேன். பதினொரு நாளுக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

“கோலம் நல்லாத்தான் இருக்குது. புள்ளி வெக்க மறந்துட்டீங்க,” என்றாள்.

விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அக்டோபரில் ஒருநாள் நூல் சுற்றிய தார்க்குச்சி ஒன்று அவள் கையிலிருந்து நழுவி வண்டிக்கு அடியில் உருண்டுவிட்டது. கோட்டைத் தாண்டிக் குனிந்து எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைப் பிடித்து இழுக்கவில்லை, சத்தம் போடவில்லை. வாசலுக்குப் போகச் சொல்லிவிட்டுக் கதவைத் தாழிட்டேன். நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை. தூறிக்கொண்டிருந்தது. அபிதகுசாம்பாள் எதிரிலிருந்து கேட்டது உள்ளே என் காதில் விழுந்தது.

“இன்னாடி மழையில நின்னுகினுகிற?”

“சும்மாதான் அத்த. காத்தாட.”

அதன்பிறகு அவள் கோட்டைத் தாண்டியதில்லை. பெருக்கும்போதும் கோடு வரை பெருக்கி நிறுத்திவிடுவாள். கோட்டுக்குள் நான் பெருக்கிக்கொள்வேன். கோடு தேய்ந்தால் நானே மறுபடி போடுவேன். எங்களுக்குள் அதற்குமேல் சண்டையே வரவில்லை.

பெயிண்டுக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு போட்டுவிட்டால் கீறல் சுலபத்தில் விழாது. செராமிக் கோட்டிங் என்று சொல்வார்கள். வேலூர் ரோட்டில் அன்பழகன் என்பவர் கடையில் விசாரித்தேன். “மழ முடியட்டும் சார். இந்த ஈரத்துல பூசினா திட்டுத் திட்டா பூத்துடும். தை மாசம் கொண்டாந்து வுடுங்க, நம்மகிட்ட காய வெக்க லேம்ப் ரூம் இருக்குது, ஜம்முனு பண்ணிக் குடுக்கறேன்,” என்றார். அவர் பேசிக்கொண்டிருந்தபோது அங்கே வேலை செய்யும் இரண்டு பேர் யாருடைய வண்டியின் மீதோ உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் எண்ணெய்க் கையை சீட்டில் துடைத்தான். நான் திரும்பிவிட்டேன். பூச்சு பாட்டிலை ஆன்லைனில் வரவழைத்தேன்.

பாட்டிலோடு ஒரு துண்டுச்சீட்டு வந்தது. காற்றில் ஈரம் அறுபது சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பூசி முடித்து இரண்டு மணி நேரம் தூசியும் ஈரமும் படக் கூடாது. தை வரை காத்திருந்திருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். காத்திருந்தால் இடையில் எட்டு வெள்ளிக்கிழமைகள் வரும்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்தேன். மூன்று நாளாக விடாத மழை. தறி அறையில் வைத்த ஈரமானி எண்பத்தொரு சதவீதம் காட்டியது. அதைக் குறைக்க எனக்கு வழி தெரியும். மழை நாளில் பாவு ஈரம் இழுத்து இழை தளர்ந்துவிட்டால் இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான்: ஓர் அடுப்பில் கரியைக் கனலவைத்துத் தறிக்குப் பக்கத்தில் வைப்பார்கள். காற்று காய்ந்துவிடும். மாமனார் கொடுத்த கரி அடுப்பு வீட்டில் இருந்தது. இஸ்திரி வண்டிக்காரரிடம் ஒரு பை கரி வாங்கிக்கொண்டேன்.

மதியை அன்று நெய்ய வேண்டாம் என்று சொன்னேன். இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

“பொண்ணு வூட்டுக்காரங்க வியாழக்கிழம வராங்க. கல்யாணப் பொடவ. இன்னும் ஒரு மொழந்தான் இருக்குது. நான் பாட்டுக்கு ஓரமா நெய்யறேன், தூசி கெளப்ப மாட்டேன்,” என்றாள்.

சரி என்றேன். நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன்.

பூசி முடித்தபோது பன்னிரண்டு நாற்பது. பின்கட்டில் கரியைச் சிவக்க விட்டு, சாம்பலை ஊதித் தள்ளிவிட்டு உள்ளே கொண்டுவந்தேன். பெட்ரோல் டேங்க் இருப்பதால் வண்டிக்குப் பக்கத்தில் நெருப்பு வைக்க முடியாது. தறிப் பக்கம் வைத்தேன். தெருக்கதவை உள்ளே தாழிட்டு, இடுக்கில் டேப் ஒட்டினேன். ஜன்னலைச் சாத்தி நான்கு பக்கமும் ஒட்டினேன். மதி மிதிக்கட்டைக் குழியில் கால் வைத்துத் தறியில் உட்கார்ந்திருந்தாள்.

“ஜன்னல ஒரு வெரக்கட தொறந்து வையுங்க. கரி இருக்குது இல்ல?”

“ரெண்டு மணி நேரம்தான்.”

“எங்கப்பா பாத்தாருன்னா உங்கள வெளக்குமாத்தால அடிப்பாரு,” என்று சொல்லிச் சிரித்தாள்.

சின்னக் கதவு வழியாக நான் வீட்டுக்குள் வந்தேன். அந்தக் கதவு தாழிடாமல் நிற்காது, தானாகத் திறந்துகொள்ளும். அதனால் என் பக்கம் தாழிட்டேன். கீழ் இடுக்கில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்தேன். சாப்பிட்டேன். தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும் எடுத்து வைத்திருந்தாள்.

மூடிய அறையில் கரி எரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று உங்களிடம் சொன்னேன். அது பொய். காற்று போதாமல் எரியும் கரி கார்பன் மோனாக்சைடைத் தரும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். மூன்றாம் ஆண்டுத் தேர்வில் இந்தக் கேள்வி வந்தது. முழு மதிப்பெண் வாங்கினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அறையின் நீள அகலத்தை மனதில் பெருக்கிப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் தாங்கும் என்று வந்தது. இரண்டு மணி நேரம் என்று சீட்டில் இருந்தது. ஒன்றுக்கு ஒன்று பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றியது.

தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒன்றே முக்காலுக்கு மேல் இடைவெளி விட்டு விட்டுக் கேட்டது. இரண்டு ஐந்துக்கு நின்றுவிட்டது. ஓய்வெடுக்கிறாள் என்று வைத்துக்கொண்டேன். இரண்டு பத்துக்குச் சின்னக் கதவில் தட்டும் சத்தம். ஊடைநூல் ஓட்டும் மரநாடாவால் தட்டினாள், மரத்தில் மரம் படுகிற சத்தம். மூன்று முறை. பிறகு பேசினாள். பிறகு மறுபடி ஒருமுறை தட்டினாள், அது தட்டியது மாதிரி இல்லை, நாடா கதவில் உராய்ந்தது மாதிரி இருந்தது.

கதவுக்கும் எனக்கும் நான்கு அடி. கையில் எந்த வேலையும் இல்லை. செல்போனில் மணி பார்த்தேன். இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கதவைத் திறந்தால் மழைக்காற்று உள்ளே போகும். பாதி காய்ந்த பூச்சில் ஈரம் பட்டால் பூத்துவிடும், பிறகு எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பாட்டிலில் மிச்சமும் இல்லை. இதையெல்லாம் நிதானமாக யோசித்தேன். அவசரப்பட்டு ஒன்றும் செய்யவில்லை.

இரண்டு நாற்பதுக்குத் திறந்தேன்.

சின்னக் கதவை ஒட்டிக் கிடந்தாள். நாடா கையில் இருந்தது. கன்னம் நல்ல சிவப்பு நிறமாக இருந்தது. அந்த வாயு அப்படித்தான் செய்யும். நான் அவளைத் தாண்டிப் போய் வண்டியைப் பார்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். பூச்சு நன்றாகப் பிடித்திருந்தது. ஒரு விரல் தடம் இல்லை.

தெருக்கதவைத் திறந்து வண்டியை வாசலில் தகரத்துக்குக் கீழே நிறுத்தி, பருத்தித் துணி போர்த்தினேன். ஆட்கள் வந்தால் கை வைப்பார்கள். டேப்பை எல்லாம் உரித்தேன். கோட்டை ஈரத்துணியால் அழித்தேன். ஒன்பது நிமிடம் ஆயிற்று. அதன்பிறகுதான் வாசலுக்கு வந்து கூப்பிட்டேன்.

முதலில் ஓடிவந்தது அபிதகுசாம்பாள். தறிக்குப் பக்கத்தில் அடுப்பைப் பார்த்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டார். “அய்யோ, பாவு காயணும்னு கரி மூட்டிகினு ஜன்னலயும் சாத்திகினு உக்காந்துட்டியேடி மகராசி.” நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. அவர் சொன்னதையே போலீஸ்காரர் எழுதினார், நீங்களும் எழுதினீர்கள். நான் கடைத்தெருவுக்கு நடந்து போயிருந்ததாகச் சொன்னேன். மழையில் தெருவில் யாரும் இல்லாததால் யாரும் மறுக்கவில்லை.

அவள் கடைசியாக என்னிடம் என்ன பேசினாள் என்று கேட்டீர்கள். “கொட எடுத்துகினு போங்க” என்றாள் என்று சொன்னேன். நீங்கள் பேனாவை ஒரு கணம் நிறுத்திவிட்டுப் பிறகு எழுதினீர்கள். அது நான் உருவாக்கிச் சொன்னது இல்லை. அவள் சொன்னதுதான், ஆனால் அன்று இல்லை.

திருத்தம் எது என்று சொல்லிவிடுகிறேன். அறிக்கையில் கவனக்குறைவு என்று இருக்கிறது. மதி கவனக்குறைவானவள் இல்லை. அந்தத் தெருக்கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது. தறியிலிருந்து ஐந்தே அடி. டேப்பை இழுத்துவிட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளியிருந்தால் தெருவுக்கு வந்திருப்பாள், இன்றைக்கு இருப்பாள். ஆனால் வண்டி அந்தக் கதவை ஒட்டி நின்றது. கோட்டுக்குள் கால் வைக்காமல் அங்கே கை எட்டாது. ஜன்னல் டேப்பையும் அவள் உரிக்கவில்லை, இரண்டு மணி நேரம் என்று நான் சொல்லியிருந்தேன். எனவே அவள் வீட்டுப் பக்கம் நான் தாழிட்ட சின்னக் கதவுக்கு வந்திருக்கிறாள். அங்கே போகக் கோட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்றரை அடிதான் வழி. புடவையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தால் தவழ்ந்து வந்தாள் என்று தெரிந்தது. நிற்கக்கூட முடியாதவள், அந்த ஒன்றரை அடியிலேயே வந்திருக்கிறாள். நான் அழிப்பதற்கு முன் கோட்டை முழுவதும் பார்த்தேன். ஓரிடத்திலும் கலைந்திருக்கவில்லை. சாக்பீஸ் தூள் அவள் முழங்கையில் இல்லை, புடவையில் இல்லை.

கொல்ல வேண்டும் என்று நினைத்தேனா என்று நீங்கள் கேட்பீர்கள். அப்படி நினைத்ததாக நினைவில்லை. கதவைத் திறக்க வேண்டும் என்று நினைத்ததாகவும் நினைவில்லை. அவளுக்கு நான் செய்த கெடுதல் என்று எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. ஓர் ஒழுங்கு வேண்டும் என்று கேட்டேன். அவள் அதைக் கற்றுக்கொண்டாள்.

சிவப்பிரகாசம் பொய் சொல்லவில்லை என்று எழுதிவிடுங்கள். தெருவில் அவரைப் பைத்தியம் என்கிறார்கள். இந்த ஞாயிறு வந்தால் நானே சொல்லலாம் என்று இருந்தேன். ஆனால் அவர் வண்டியைத் தொட்டுவிடுவாரோ என்று இருக்கிறது. போலீஸ்காரர்கள் வண்டியை எடுத்துப்போவார்கள் என்றும் தெரியும். ஸ்டேஷனில் வெயிலில் போடாமல், நிழலில் நிறுத்தி, பருத்தித் துணியால் மூடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம். உள்ளே ஈரம் தங்கும்.

குடையைப் பற்றிய வரியையும் அடித்துவிட வேண்டும். அன்று இரண்டு பத்துக்கு, அந்தக் கதவின் கீழ்ப்பக்கத்திலிருந்து அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“கோட்டத் தாண்டலங்க. கதவத் தொறங்க.”